சீர் டிவியில் நூத்தி இருபது

என் கல்யாணத்துக்கு அண்ணன் சீராக வாங்கிக் கொடுத்த டிவியின் அட்டைப்பெட்டியில் ஒரு பக்கம் பெரிதாக 120 என்று போட்டிருந்தது. அந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்து இருக்கும்படிதான் பெட்டியை டெம்போவில் ஏற்ற வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். கட்டில், பீரோ, மெத்தை, கிரைண்டர் எல்லாம் எப்படியோ போகட்டும். டிவியைப் படுக்க வைக்கக் கூடாது, நின்றபடிதான் வர வேண்டும். கயிறு கட்டினால் அழுந்திவிடுமாம், அதனால் கயிறும் கூடாது. கடைசியில் கம்பைநல்லூரிலிருந்து அரூர் வரைக்கும் டெம்போவின் பின்னால் அவனே உட்கார்ந்து பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தலை முழுக்கச் செம்மண். மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்க, பெண்ணுக்கு அண்ணன் கிணறு வெட்டிவிட்டு வந்தவன் மாதிரி டெம்போவிலிருந்து குதித்தான். எனக்கு மானமே போனது. காரிலிருந்து இறங்கும்போது அவன் பக்கம் திரும்பாமல் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டேன்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே அவன்தான். புளி வியாபாரம். புளியில் ஒரு கொட்டை இருந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள், டிவி வாங்க மட்டும் சேலம் வரைக்கும் போய், கடைக்காரரிடம், "என் தங்கச்சி கேம்ல கார் ஓட்டுவா, அதுக்குத் தக்கன டிவி குடுங்க" என்று கேட்டிருக்கிறான். சின்ன வயசில் நானும் அவனும் பழைய டிவியில் கேம் கேசட் சொருகி கார் ஓட்டினவர்கள். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். தோற்றுவிட்டு அவன் டிவியைத்தான் திட்டுவான். அந்த வயசிலேயே எனக்கு ஒரு நல்ல டிவி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிட்டான் போல.

எனக்கு வாய்த்தவரும் கேம் பைத்தியம்தான். பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். என்ன பேசுவது என்று இரண்டு பேரும் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர், "கேம் எல்லாம் ஆடுவீங்களா?" என்றார். அதற்குப் பிறகு கீழேயிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் நாங்கள் இறங்கவில்லை. அவருக்குத் தொழில் சொட்டுநீர்ப் பைப்பு போட்டுக் கொடுப்பது. மரவள்ளிக் காடு, மஞ்சள் காடு என்று பகலெல்லாம் பைப்பும் வால்வும்தான் அவருக்கு வாழ்க்கை. அவரிடம் டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பொட்டி ஒன்று இருந்தது. பெங்களூரில் இருந்த நண்பர் வெளிநாடு போகும்போது விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அட்டைப்பெட்டி கிடையாது, கூட வந்த ஒயரும் எங்கோ தொலைந்துபோய், வேறு ஏதோ ஒயரோடு வந்து சேர்ந்தது.

ஆக, புகுந்த வீட்டு ஹாலில் டிவி என் வீட்டுடையது, கீழே இருக்கிற பொட்டி அவருடையது. வைகாசியில் கல்யாணம், பத்து நாள் விருந்து, அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சேர்த்து மாட்டினோம்.

இந்த நூத்தி இருபது என்ன என்று அத்தைக்கு நான் சொன்னதையே சொல்கிறேன். அத்தை என்றால் என் மாமியார். ஒரு நொடிக்குள் படத்தை டிவி எத்தனை தடவை புதுசாக வரைகிறது என்பதுதான் கணக்கு. சீரியல் பார்க்க அறுபதே தாராளம். காரை வேகமாக ஓட்டி வளைவில் திருப்பும்போது அறுபதில் ரோட்டோரத்து மரமெல்லாம் இழுவிக்கொண்டு போகும். நூத்தி இருபதில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரியும், கை திருப்பினவுடனே கார் திரும்பும். அத்தை கேட்டுவிட்டு, "மரத்த எதுக்குப் பாக்குற, ரோட்டப் பாத்து ஓட்டு கண்ணு" என்றார்.

மரத்தையும் பார்க்க முடியவில்லை, ரோட்டையும் பார்க்க முடியவில்லை. பொட்டியில் நூத்தி இருபது என்று தட்டினவுடனே டிவி கறுத்துப்போனது. கொஞ்ச நேரம் கழித்துப் படம் வந்தது. உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மறுபடியும் கறுப்பு. 'சிக்னல் இல்லை' என்றது. அறுபதுக்கு இறக்கினால் ஒன்றுமே நடக்காதது போலச் சமர்த்தாக ஓடியது.

அவர் தாடையைத் தடவிக்கொண்டு டிவியைப் பார்த்தார். நான் பொட்டியைப் பார்த்தேன்.  அத்தைதான், "டிவியில கோளாறுன்னா அண்ணனுக்கு ஒரு போன் போடு கண்ணு. மாத்திக் குடுத்துருவாரு" என்றார். அத்தை மனசில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

போன் போட்டால் மாற்றித்தான் கொடுப்பான். ஒரு வார்த்தை கேட்க மாட்டான். மறுநாளே டெம்போ வந்து நிற்கும். அப்புறம் கம்பைநல்லூர் சந்தையில், 'தங்கச்சிக்குக் குடுத்த டிவி திரும்பி வந்துருச்சாமே' என்று புளி வாங்க வருகிறவர்கள் எல்லாம் அவனிடம் விசாரிப்பார்கள். நூத்தி இருபது, நூத்தி இருபது என்று பந்தியில் சாம்பார் ஊற்றும்போதுகூடச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அவன் தலை குனிய நான் விட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

"டிவி புதுசுங்க" என்றேன். "பழசு எதுவோ அதத்தானே மொதல்ல பாக்கணும். உங்க பொட்டிதான் செகண்ட் ஹேண்டு."

"பழசுன்னாலும் நல்லாத்தான ஓடிட்டு இருந்துச்சு."

"நீங்க வச்சிருந்த மானிட்டருக்கு அறுபதுக்கு மேல தெரியாது. அதுல நல்லா ஓடுச்சுன்னு சொன்னா ஆச்சா?"

அவர் சண்டை போடத் தெரியாத மனுசன். எனக்கோ ரெண்டு பேர் சண்டையையும் ஒருத்தியே போடுகிற தெம்பு உண்டு.

அடுத்த பத்துப் பதினைந்து நாளும் மாலையில் அவர் காட்டிலிருந்து வந்து கால் கழுவினவுடனே இதே வேலைதான். டிவிக்குப் புது மென்பொருள் ஏற்றினோம். பொட்டிக்கும் ஏற்றினோம். டிவிக்குப் பின்னால் நாலு போர்ட் இருந்ததில் எது நூத்தி இருபதுக்கானது என்று புத்தகத்தில் தேடி, அத்தையின் கேபிள் டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றி, அதில் சொருகினோம். அந்தப் போர்ட்டுக்கு டிவியின் அமைப்பிலும் தனியாக ஒன்றை இயக்கிவிட வேண்டும் என்று தெரிந்து, அதையும் செய்தோம். கறுப்புதான். படத்தின் தெளிவைக் குறைத்துப் பார்த்தோம். அப்போது மட்டும் நூத்தி இருபது வந்தது. தெளிவை முழுசாக ஏற்றினால் மறுபடியும் இருட்டு.

"வால்வ பாதி தெறந்தா தண்ணி போவுது, முழுசா தெறந்தா நிக்குது" என்றார் அவர்.

"அப்படின்னா என்னவாம்?"

"மோட்டார் தெணறுதுன்னு அர்த்தம். இல்லன்னா காட்டுப் பக்கம் அடைப்பு."

மோட்டார் என்றால் அவர் பொட்டி, காடு என்றால் என் டிவி. நடுவில் ஒரு பைப்பு இருக்கிறதே என்று பைப்பு போடுகிற மனுசனுக்கும் தோணவில்லை, எனக்கும் தோணவில்லை. படம் வருகிறதே, அப்புறம் ஒயரில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

இதற்கு நடுவில் வீட்டில் எனக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. கல்யாணத்தில் வந்த தட்டு வரிசை. சோப்புத் தட்டு, பவுடர் தட்டு, வளையல் தட்டு, சாக்லேட் தட்டு என்று கண்ணாடித்தாள் சுற்றி ஜரிகை ரிப்பன் கட்டினது. அவ்வளவு அழகாகச் செய்திருப்பதைப் பிரிக்க மனசு வரவில்லை என்று அத்தை எல்லாவற்றையும் படுக்கையறை பீரோ மேலே வரிசையாக ஏற்றி வைத்திருந்தார். வருகிற விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டுவார். அதில் ஒன்று தலைச் சாமான் தட்டு. சீப்பு, ஹேர்பின், காகிதப் பூ, நடுவில் விரல் தடிமனுக்குப் பின்னின மாதிரி கறுப்பாக, சுருட்டி வைத்த சவுரி முடி. ரெண்டு முனையிலும் பொன் நிறத்தில் ஏதோ குஞ்சலம் மின்னியது.

தட்டு ஜோடித்தது என் சித்தி பெண்கள். எனக்கு இடுப்புக்குக் கீழே முடி. வந்தவர்கள் எல்லாம் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்து, "சவுரியெல்லாம் வச்சிருக்காங்களே" என்று என் தலையை ஒரு தடவை பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கழுதைகளை நேரில் பார்த்தால் காதைத் திருக வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்தத் தட்டை மட்டும் கையால் தொடக்கூட மாட்டேன் என்று ஒரு வைராக்கியம்.

ஆனி பாதி போயிருக்கும். அண்ணன் போன் செய்தான். ஆடிக்கு எங்களை அழைக்க வர வேண்டுமே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.

"வர்றப்ப நூத்தி இருபதுல ஒரு ஆட்டம் போட்டுட்டுத்தான் போவேன் பாப்பா. ரெடியா இரு" என்றான்.

போனை வைத்துவிட்டு நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, என்ன என்று அவர் கேட்டார். சொன்னேன். எழுந்து போய்ப் பொட்டியின் ஒயர்களைப் பிடுங்கினார். அரூர் டவுனில் அவருக்கு ஒரு நண்பர், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். அந்த நண்பர் வீட்டிலும் நூத்தி இருபது டிவி உண்டு. பொட்டியை அங்கே கொண்டுபோய் மாட்டிப் பார்த்தால் கோளாறு பொட்டியிலா டிவியிலா என்று தெரிந்துவிடும் என்றார். டிவிக்குப் பின்னால் மாட்டியிருந்த ஒயரை உருவ வரவில்லை. அங்கேயே ஒயர் இருக்கிறது என்று பொட்டியை மட்டும் துண்டில் சுற்றி, பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு போனார்.

அவர் திரும்பி வருகிறவரைக்கும் எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. ரசத்துக்கு உப்பு இரண்டு தடவை போட்டேன். பொட்டி அங்கே நன்றாக ஓடிவிட்டால் என் அண்ணன் டிவிதான் கோளாறு என்று ஆகிவிடும். பைக் சத்தம் கேட்டதும் வாசலுக்கே போய்விட்டேன்.

"அங்கயும் இதே கததான்" என்றார் அவர், துண்டை அவிழ்த்துக்கொண்டே. "கறுத்துப்போவுது. பொட்டிதான் கோளாறு."

எனக்கு வந்த சந்தோசத்தை எழுதினால் நன்றாக இருக்காது. கட்டினவருடைய சாமான் கெட்டுப்போச்சு என்றதும் குதிக்கிற பெண்டாட்டி நான் ஒருத்திதான் இருப்பேன். "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றேன். அன்று சாயங்காலம் அவருக்குப் பிடித்த வெல்லப் பலகாரம், கச்சாயம் சுட்டேன். சுட்டுக்கொடுத்துவிட்டு அவரைக் கிண்டலாக ஓட்ட ஆரம்பித்தேன். அந்த ஒரு வாரம் முழுக்க ஓட்டினேன். உங்க பொட்டிய பழைய இரும்புக்குப் போட்டா பேரிச்சம்பழம் தருவாங்களா. உங்க பொட்டி மேல பூந்தொட்டி வைக்கலாமா. மிக்சி சத்தம் போட்டால்கூட, உங்க பொட்டி காத்து பட்டுருச்சு என்றேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அவரும் சிரித்தார். வேறே ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

அண்ணனுக்கும் போன் போட்டு, "டிவி தங்கம்ணா. இவரு பொட்டிதான் ஓட்ட டப்பா. நீ வர்றப்ப அறுபதுலதான் ஆட முடியும்" என்றேன்.

"மாப்ளைய ரொம்ப ஓட்டாத பாப்பா" என்றான். குரலில் நிம்மதி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டான். பழம், இனிப்பு, ரெண்டு பேருக்கும் துணி எல்லாம் ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து, ஆடிக்கு வர வேண்டும் என்று அத்தையிடம் முறையாகக் கேட்டான். அத்தை வாங்கிக்கொண்டு, "தம்பி, நீங்க உயரமா இருக்கீங்க, இதயும் அந்தத் தட்டுங்களோட பீரோ மேல ஏத்திருங்க, எறும்பு வந்துரும்" என்றார். அண்ணன் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனான்.

 கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா, இங்க வா" என்றான்.

போனேன். தலைச் சாமான் தட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இத ஏன் இன்னும் பிரிக்கல?"

"எனக்கு எதுக்குண்ணா சவுரி? நீயே சொல்லு. அந்தக் கழுதைங்க வேணும்னே வச்சிருக்குதுங்க."

"சவுரியா?"

"பின்ன என்ன?"

அவன் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அடியே, இது ஒயருடி. டிவி வாங்கறப்ப கடைக்காரரு சொன்னாரு, நூத்தி இருபது சரியா வரணும்னா சாதா ஒயரு தாங்காது, இதான் மாட்டணும்னு. பத்திரமா உன்கிட்ட சேக்கச் சொல்லிப் புள்ளைங்ககிட்டக் குடுத்தேன். தனித்தட்டு வச்சா ரெட்டப்படை ஆயிடும்னு இந்தத் தட்டுலயே சொருகிட்டாளுங்க. உன்கிட்ட சொல்லலியா?"

நான் தட்டைக் கிட்டத்தில் பார்த்தேன். குஞ்சலம் என்று நான் நினைத்தது சொருகுகிற முனை. பொன் முலாம் பூசினது. இத்தனை நாளாக என் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது.

அவர் பின்னாலேயே வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "பைப்பு" என்றார், தனக்குத்தானே. "பைப்பு சின்னதுன்னா அப்படித்தான். பாதி வால்வுக்குத் தாங்கும், முழு வால்வுக்குத் தாங்காது. ஊருக்கெல்லாம் சொல்றேன்." நெற்றியில் அடித்துக்கொண்டார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சித்தி பெண்கள் காது அன்றைக்குத் தப்பித்தது.

அத்தைதான் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். "கிழிக்காத கண்ணு, ஓரமா வெட்டு. தாள் நல்லா இருக்குது" என்றார். ஒயரில் பவுடர் வாசம் அடித்தது. அவர் டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பழைய ஒயரை ஒருவழியாக உருவிப்போட்டுவிட்டுப் புதுசைச் சொருகினார். நூத்தி இருபது தட்டினார். டிவி கறுத்தது.  

படம் வந்தது. வந்தது போகவில்லை. தெளிவு முழுசு, நூத்தி இருபது முழுசு, புள்ளி ஒன்றுகூட இல்லை. அண்ணன் கையில் ஒரு கன்ட்ரோலர், என் கையில் ஒரு கன்ட்ரோலர் கொடுத்து ஓட்டச் சொன்னார் அவர். ரோட்டோரத்து மரம் ஒவ்வொன்றும் இலையோடு வந்து போனது. அத்தைகூடச் சோபா நுனிக்கு வந்துவிட்டார். "அட, ரோடு வழுக்கிட்டுப் போவுது" என்றார். அண்ணன், பந்தியில் எல்லாருக்கும் சொன்ன அந்த நூத்தி இருபதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சுற்றில் எனக்கு ஒன்று உறைத்தது. டிவி அதே டிவி. பொட்டியும் அதே பொட்டி. பொட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றால், நண்பர் வீட்டில் அது எப்படிக் கறுத்துப்போகும்? அங்கே மாட்டினது அவர்கள் வீட்டு நல்ல ஒயர் ஆச்சே.

என் கார் நேராகப் போய்ச் சுவரில் மோதி நின்றது. அண்ணன் கைதட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ஜெயித்திருக்கிறான். நான் கன்ட்ரோலரை அத்தை கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவர் காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அன்னிக்கு டவுன்ல பொட்டி ஓடலன்னு சொன்னீங்களே."

அவர் குழாயை மூடினார். "ஜம்முன்னு ஓடுச்சு" என்றார்.

"அப்போ டிவிதான் கோளாறுன்னு நெனச்சிருக்கீங்க."

"ஆமா. அப்படித்தான் நெனச்சேன்."

"சொல்ல வேண்டியதுதானே. ஒரு வாரமா உங்கள என்ன பேச்சுப் பேசினேன்."

அவர் டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தார். "உங்கண்ணன் அந்த டிவிய டெம்போவுல கட்டிப் புடிச்சிட்டு வந்தாரே, தலையெல்லாம் மண்ணோட. நான் முன்னாடியே கார்ல இருந்து எறங்கி வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். அத சரியில்லன்னு என் வாயால எப்படிம்மா சொல்றது?"

 வெட்கப்பட்டு நான் திரும்பிக்கூடப் பார்க்காத அண்ணனை, அன்றைக்கு இவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.   அவர் கையிலிருந்த துணியை வாங்கி மிச்ச டம்ளரைத் துடைத்தேன்.

ஹாலிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "பாப்பா, அத்தை செவுத்துலயே ஓட்டிட்டு இருக்குறாங்க. பொட்டிய அணைச்சிரட்டா?"

"இருக்கட்டும்ணா" என்றேன். "நம்ம பொட்டிக்கு ஒண்ணும் ஆவாது. நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."